போதும் என்று சொல்ல ஒரு ஆள்

பி.காம். படித்தவன் நரம்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் பி.காம். படித்தவர்கள் எதைப் பற்றித்தான் பேசவில்லை? என் யோக்கியதை ஒன்றே ஒன்று: டெபிட், கிரெடிட் தெரியும். நரம்புக்கு அது போதும் என்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் காட்டுகிறேன். காட்டாவிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் போடுங்கள். எனக்கு வேண்டாம்.

விஷயம் ஒரு தேளில் ஆரம்பித்தது.

அக்கா வீடு வெம்பக்கோட்டைப் பக்கம். மச்சான் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ஜாக்கிரதை என்ற சொல்லுக்குக் கை கால் முளைத்தால் எங்கள் மச்சான். சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்காது. பீடி பிடிக்கிறவனோடு பத்தடி தள்ளி நின்றுதான் பேசுவார். தீபாவளிக்குக்கூட ஒரு வெடி போடமாட்டார். கேட்டால், "அல்வாக் கடைக்காரன் அல்வா திங்கிறானா மாப்ளே?" என்பார்.

போன சித்திரையில் பள்ளிக்கூட லீவு. சாத்தூர் சேவு அரைக் கிலோவோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு எட்டு வயசு. கிரிக்கெட் ஸ்டம்ப்புக்காகக் கொல்லையில் அடுக்கியிருந்த செங்கல்லை உருவப் போனான். செங்கல்லுக்கு அடியில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். செந்தேள். விரல் நீளம்தான் இருக்கும். பையன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தேள் கொட்டினால் ஒரே நேரத்தில் நாலு வைத்தியம் ஆரம்பமாகும். ஒருத்தர் வெங்காயத்தைத் தேய்த்தார். ஒருத்தர் சுண்ணாம்பு தடவினார். ஒருத்தர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அப்பத்தா மந்திரிக்கிறவருக்கு ஆள் அனுப்பினாள். பட்டதாரியான நான், பட்டதாரிகள் செய்வதைச் செய்தேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மந்திரிக்கிறவர் வேப்பிலையோடு வந்து உட்கார்ந்தார். அவர் ஓத ஓத, பையனின் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல வியர்வையில் நனைந்தது. இரண்டு தடவை வாந்தி. காலைத் தொட்டால் ஐஸ். "விஷம் இறங்குது" என்றார் மந்திரிக்கிறவர். "இறங்குதுல்ல?" என்றாள் அப்பத்தா என்னைப் பார்த்து. எனக்கு அப்படித் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மச்சான் வேலை முடிந்து வந்தார். பையன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பக் கொட்டுச்சு?"

"அரை மணி இருக்கும்."

"திரி பத்தியாச்சு. இனிமே ஓதினா அணையுமா? மாப்ளே, வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. பையனைப் பார்த்த பார்வையிலேயே எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்தார். மச்சான் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு என் காதில், "மாப்ளே, இது எங்க முதலாளி போடுற பிரஷர் மாத்திரைடா" என்றார். எட்டு வயசுப் பையனுக்கு பிரஷர் மாத்திரையா?

ராத்திரி முழுக்க மாத்திரை, அளவாகத் திரவம், மணிக்கு மணி சோதனை. விடியற்காலை பையனின் கால் சூடாகியது. கண்ணை முழித்துப் பார்த்துவிட்டு, "விருதுநகர் பொரிச்ச பரோட்டா வேணும்" என்றான். அக்கா அழுதாள். மச்சான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

டீ குடிக்கும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தேள் விஷம் நரம்போட ஆக்ஸிலேட்டரையும் அமுக்கிப் பிடிச்சுக்கும், பிரேக்கையும் கழட்டி விட்டுரும். பிரேக்குன்னா பொட்டாசியம் சேனல். நீங்க காமர்ஸா? சரி, விடுங்க."

அந்த 'சரி, விடுங்க' என்னை உறுத்தியது. படித்தேன். இனி உங்கள் முறை.

* * *

ஒரு சரவெடியைப் பற்றவையுங்கள். நெருப்பு ஒரு வெடியிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். நரம்பிலும் செய்தி அப்படித்தான் ஓடுகிறது. நெருப்புக்குப் பதில் மின்சாரம். ஒரு இடம் துடித்து அடுத்த இடத்தைத் தட்டி எழுப்பும். வித்தியாசம் ஒன்றுதான். சரவெடி ஒரு தடவை வெடித்தால் காகிதக் குப்பை. நரம்போ ஒரு விநாடியில் நூறு தடவைகூட வெடித்து, ஒவ்வொரு தடவையும் புதுச் சரமாக எழுந்து நிற்கும். வெடித்த காகிதத்தைத் திரும்பச் சுருட்டி, மருந்து அடைத்து, திரி வைப்பது யார்?

பொட்டாசியம்.

ஆமாம், வெடியுப்பில் இருக்கிற அதே பொட்டாசியம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அங்கே எரிய வைக்கும் வேலையைச் செய்வது நைட்ரேட்டில் உள்ள ஆக்ஸிஜன். பொட்டாசியம் கூட வந்த சொந்தக்காரர். வெடியில் வேடிக்கை பார்க்கிறவர்தான் நரம்பில் தீயணைப்பு வண்டி.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறேன். ஒவ்வொரு நரம்பு செல்லும் இரண்டு சரக்கு வைத்திருக்கிறது. சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பில் இருப்பது, வெளியே அதிகம். உள்ளே இருப்பதைப் போல பத்து மடங்குக்கு மேல். பொட்டாசியம் நேர் எதிர்: வெளியே ஒரு பங்கு என்றால் உள்ளே 30 பங்குக்கு மேல். இரண்டுக்குமே பிளஸ் மின்னூட்டம். செல்லின் சுவரில் இரண்டுக்கும் தனித்தனி வாசல்.

நரம்பு சும்மா இருக்கும்போது சில பொட்டாசியம் வாசல்கள் மட்டும் ஒருக்களித்துத் திறந்திருக்கும். பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிய, பிளஸ் போன இடத்தில் உள்ளே மைனஸ் மிஞ்சும். ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட். இதுதான் ஓப்பனிங் பேலன்ஸ். அந்த மாதிரி வாசல் அதிகம் திறந்திருந்தால் நரம்பு நிதானமான ஆசாமி, லேசில் அசையாது. குறைந்தால் முன்கோபி, தொட்டதற்கெல்லாம் வெடிக்கும்.

தூண்டுதல் வந்து மைனஸ் 55 பக்கம் தாண்டினால் சோடியம் வாசல்கள் படாரென்று திறக்கும். தீபாவளித் தள்ளுபடிக்குக் கடை ஷட்டரைத் தூக்கின மாதிரி கூட்டம் உள்ளே பாயும். மைனஸ் பிளஸ் ஆகிவிடும். இதுதான் துடிப்பு. ஒரு மில்லிசெகண்டுக்குள் சோடியம் வாசல் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்; கொஞ்சம் தாமதமாகப் பொட்டாசியம் வாசல்கள் அகலத் திறக்கும். பொட்டாசியம் வெளியேறி, பிளஸ்ஸை வெளியே கொண்டுபோய், கணக்கை மறுபடி மைனஸ் 70-க்கு இறக்கிவிடும். "போதும்ப்பா, அடுத்த வேலையைப் பாரு" என்கிறது.

ஒரு துடிப்பில் கைமாறுவது பெட்டி கேஷ் மாதிரி சில்லறைதான்; பெரிய இருப்பு அசையாது. ஆனால் சில்லறையும் நாளாவட்டத்தில் சேருமே? அதற்குச் சுவரில் ஒரு பம்ப் உட்கார்ந்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி கடையை மூடியபின் லெட்ஜர் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை. 1957ல் இதைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ, 1997ல் நோபல் வாங்கினார். கணக்குப்பிள்ளைகளுக்கு எப்போதும் பாராட்டு லேட்டாகத்தான் வரும்.

இந்தச் சோடியம் - பொட்டாசியம் நாடகத்தைக் கணக்காக எழுதியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள். கணவாயின் உடம்பில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு நரம்பிழை உண்டு. அதில் மின்கம்பி செருகி அளந்து 1952ல் வெளியிட்டார்கள். கணக்குப் போடும் நேரத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி என்ன செய்தார்? கைப்பிடியைச் சுற்றும் கால்குலேட்டரில், சில மில்லிசெகண்டு துடிப்புக்கு நாள்கணக்கில் சுற்றினார். 'சிஸ்டம் டவுன் சார், நாளைக்கு வாங்க' என்று சொல்லவில்லை. 1963ல் இருவருக்கும் நோபல்.

* * *

அடுத்த சந்தேகம். பொட்டாசியம் வாசலில் சோடியம் ஏன் நுழைவதில்லை? சோடியம் சின்ன ஆள்: ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம். பொட்டாசியம் பெரிய ஆள்: 1.33. (ஒரு சென்டிமீட்டரில் 10 கோடி ஆங்ஸ்ட்ராம்.) பெரியவன் போகிற வாசலில் சின்னவன் தாராளமாகப் போகலாமே? ஆனால் 10,000 பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் தாண்டுவதே அபூர்வம்.

பதில் 1998ல் வந்தது. ராடெரிக் மெக்கின்னன் என்ற அமெரிக்க டாக்டர், வைத்தியத்தை விட்டுவிட்டு இந்த வாசலுக்கு எக்ஸ்ரே முறையில் படம் எடுத்தார். தண்ணீரில் உள்ள ஒவ்வொரு அயனியும் தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டை போல மாட்டிக்கொண்டு திரியும். வாசலில் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் குளிருமே? வாசலின் உள்பக்கம் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நின்று, பொட்டாசியத்தை நாலு பக்கமும் அணைத்துப் பிடிக்கின்றன. சட்டை இருந்த அதே சுகம். சோடியம் சின்ன ஆள் என்பதால் எல்லாக் கைகளும் எட்டாது. அதற்கு வெளியே சட்டையோடு நிற்பதே மேல். பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்த வாசல்! விநாடிக்கு 10 கோடி அயனி வரை போகும். நம் ஊர் டிக்கெட் கவுன்ட்டரை நினைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். மெக்கின்னனுக்கு 2003ல் வேதியியல் நோபல்.

இந்த மெக்கின்னன் அதற்கு முன்னால் வாசல் எங்கே இருக்கிறது என்று துழாவக் கையில் எடுத்த கருவி என்ன தெரியுமா? தேள் விஷம்! மேற்காசியத் தேள் ஒன்றின் விஷத்தில் உள்ள ஒரு புரதம், பொட்டாசியம் வாசலில் கார்க் மாதிரி போய் அடைத்துக்கொள்ளும். கார்க் எங்கே சொருகுகிறது என்று பார்த்தால் வாசல் எங்கே என்று தெரிந்துவிடும்.

மனித உடம்பில் பொட்டாசியம் வாசல்களுக்கான மரபணுக்கள் மட்டும் 70-க்கு மேல். அதில் ஒரு வகை பழுதானால், பிறந்த சில நாளிலேயே குழந்தைக்கு வலிப்பு வருகிறது என்று 1998ல் கண்டுபிடித்தார்கள். பழ ஈ ஒன்றில் இன்னொரு வகை பழுது. மயக்க மருந்து கொடுத்தால் மற்ற ஈக்கள் தூங்கும். இது மட்டும் காலை உதறிக்கொண்டே இருக்கும். அதற்கு 'ஷேக்கர்' என்றே பெயர் வைத்தார்கள். 'போதும்' சொல்ல ஆள் இல்லாத நரம்பு. சில ஆபீஸ்களில் மீட்டிங் நடக்கிற மாதிரி: ஆரம்பித்து வைக்க ஆறு பேர், முடித்து வைக்க ஒருத்தர் கிடையாது.

* * *

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். இந்த வாசலை அடைக்கத் தெரிந்த இரண்டு பேர் விருதுநகர் பக்கத்துக்காரர்கள்.

ஒருத்தர் பேரியம். ஆலைக்காரர்கள் பாஷையில் பச்சை உப்பு, அதாவது பேரியம் நைட்ரேட். மத்தாப்பில் பச்சை தெரிந்தால் அது பேரியம் காட்டும் நிறம். இதன் ஆரம் 1.35 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்துக்கு இரட்டைப் பிறவி மாதிரி. ஆனால் மின்னூட்டம் இரண்டு மடங்கு. அதனால் பொட்டாசியம் வாசலில் கச்சிதமாக நுழையும், அப்புறம் நகராது. டவுன் பஸ் படிக்கட்டில் நிற்கும் ஆசாமிபோல உள்ளேயும் போகாது, இறங்கவும் இறங்காது. பின்னால் உள்ள பொட்டாசியம் எல்லாம் காத்துக்கிடக்கும். பம்ப் மட்டும் விவரம் தெரியாமல் ரத்தத்திலிருந்து பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்துக்குப் போகும். தசைகள் தளர்ந்து கை கால் விழும், இதயம் தாளம் தப்பும்.

சீனாவில் சிச்சுவான் மாகாணத்தில் மக்கள் காரணம் தெரியாமல் முடங்கிப்போய்க்கொண்டிருந்தார்கள். 1940களில் துப்பு துலங்கியது: உள்ளூர்ச் சமையல் உப்பில் பேரியம் கலந்திருந்தது. வைத்தியம் என்ன? பொட்டாசியம்தான், டாக்டர் கையால், அளந்து. (வயிற்று எக்ஸ்ரேக்குக் குடிக்கக் கொடுப்பதும் பேரியம்தானே என்று பயப்பட வேண்டாம். அது பேரியம் சல்பேட். கரையாது, வந்த வழியே போய்விடும்.)

பட்டாசில் பேரியம் உப்புக்கு 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. நரம்புக்காக அல்ல, காற்று மாசுக்காக. ஆலைகள் தரப்பு மறுபடி கேட்டும் 2023 செப்டம்பரில் கோர்ட் இறங்கிவரவில்லை. தடை வந்த வருஷம் மச்சான் கொதித்தார். "பச்சை உப்பு இல்லாம எப்படி மாப்ளே தொழில் பண்றது? கூலிக்கு வர்ற ஜனங்க எங்க போவாங்க?" நியாயமான கேள்வி. இப்போது வாசல் கதையைச் சொன்னதும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷம் இந்தக் கையால அளந்து போட்டிருக்கேனே..."

தொட்டதால் முடக்கம் வராது, கணிசமாக உடம்புக்குள் போனால்தான் வம்பு என்று சொன்னேன். அவர் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஆலையில் யாரும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றுத் தூக்கைத் திறக்க முடியவில்லையாம். ஃபோர்மேன் பக்கத்திலேயே நிற்கிறாராம்.

இரண்டாவது ஆள் நம் செந்தேள். 1798ல் ஃபாப்ரிஷியஸ் என்ற டென்மார்க் விஞ்ஞானி இதற்கு வைத்த பெயர் 'டாமுலஸ்'. தமிழ்த் தேள்! இதன் விஷத்திலிருந்து 1990ல் ஐபீரியோடாக்ஸின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். ஒரு வகைப் பொட்டாசியம் வாசலை மட்டும் குறிபார்த்து அடைக்கும். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்குக் கிராக்கி. 2002ல் இன்னொரு வகை வாசலை அடைக்கும் புரதம் கிடைத்தது; பெயர் டாமாபின். பெயரிலேயே ஊர் வாசனை. நம் கொல்லைச் செங்கல்லுக்கு அடியில் இருப்பவர் சர்வதேசப் பிரமுகர்.

அதே விஷத்தில் சோடியம் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும் புரதங்களும் இருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் அமுங்கி, பிரேக் கழன்று, தானியங்கி நரம்புகள் ஓயாமல் துடிக்கின்றன. அட்ரினலின் வகையறா வெள்ளமாகப் பாய்கிறது. வியர்வை, வாந்தி, சில்லிட்ட கை கால். ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் தள்ளாடி, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பாதிப்பு அதிகம் குழந்தைகளுக்கு.

மகாராஷ்டிராவில் மஹாட் பக்கத்தில் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்று ஒரு டாக்டர். 1976ல் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போனவர், தேள் கொட்டிய குழந்தைகள் கண்ணெதிரே சாவதைப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் குறித்தார். ரத்தக் குழாயை இறுக்குவதுதான் கொல்கிறது என்றால், குழாயைத் தளர்த்தும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்தால் என்ன? பிராசோசின். 1986ல் லான்செட் இதழில் எழுதினார். விஷம் ஏறியவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு சில சதவீதத்துக்கு இறங்கியது. பிராசோசினோடு விஷமுறிவு மருந்தும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011ல் காட்டினார். 2022ல் பத்மஸ்ரீ. எங்கள் பையனுக்குக் கிடைத்தது அந்த மாத்திரைதான்.

இனி மந்திரத்துக்கு வருவோம். மந்திரிக்கிறவர் பொய்யர் இல்லை. தேள் கொட்டியவர்களில் பெரும்பாலோருக்கு வலியோடு போய்விடும். மந்திரித்தாலும் போகும், மந்திரிக்காவிட்டாலும் போகும். அதனால் அவர் கணக்கில் வெற்றி அதிகம். விஷம் நரம்பில் ஏறிய மிச்சப் பேருக்கு அந்த அரை மணி நேரம்தான் முதல். யாருக்கு ஏறும் என்று கொட்டியவுடன் சொல்ல முடியாது. ஆகவே வியர்வை கொட்டினால், வாந்தி வந்தால், கை கால் சில்லிட்டால், நொடி தாமதிக்காதீர்கள். குழந்தை என்றால் அதற்கும் காத்திராமல் கிளம்புங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். வண்டியை எடுங்கள்.

பையன் வீட்டுக்கு வந்த அன்று அப்பத்தா மந்திரிக்கிறவருக்கு ஒரு தேங்காயும் 51 ரூபாயும் கொடுத்தனுப்பினாள். நான் விடவில்லை. சோடியம், பொட்டாசியம், மஹாட் டாக்டர் எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, அந்த டாக்டருக்கும் ஒரு தேங்காய் அனுப்பிரு" என்றாள்.

நான் விடாமல் ஆரம்பிக்க, மச்சான் என் தோளில் கையை வைத்தார்.

"போதும் மாப்ளே."

பொட்டாசியம்!